எல்லாமே இடப்பக்கம்

கண்ணாடிக்காரிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தவள், அறையில் யாரும் இல்லை என்பதையும் மறந்து, "அம்மாடி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் நின்றது என்கிறீர்கள்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் வரைக்கும்தான். உட்கார்ந்து இன்னொரு முறை பார்த்ததும் மூக்கில் வியர்த்துவிட்டது.

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நகத்தளவு கண்ணாடிச் சில்லுகள் இரண்டை எடுத்து, உள்பக்கத்தில் ஒரு பூச்சுப் பூசி, வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஒட்டி, நடுவில் இருக்கிற இடுக்கில் திரவப் படிகத்தை ஊறவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. திரவப் படிகம் என்றதும் மிரள வேண்டாம். தண்ணீர் மாதிரி ஓடவும் செய்யும், படிகம் மாதிரி வரிசை கட்டி நிற்கவும் செய்யும். ஆக மொத்தம் ஒரு இரண்டுங்கெட்டான். கைப்பேசித் திரைக்குள்ளே இருப்பதும் இந்தக் குடும்பம்தான்.

இந்த முறை வந்திருந்த பொருளின் மூலக்கூறு, வாழைப்பழம் மாதிரி வளைந்தது. வளைவைத் தவிர அதனிடம் வேறு கோணல் புத்தி கிடையாது. முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டினாலும் அதே வாழைப்பழம்தான் தெரியும். இடதும் இல்லை, வலதும் இல்லை. ஆனால் கூட்டம் சேர்ந்து அடுக்கடுக்காக நிற்கும்போது அவை ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். சாய்ந்த மாத்திரத்தில் அந்த அடுக்குக்கு ஒரு பக்கம் வந்துவிடுகிறது, இடது செருப்பு வலது செருப்பு என்று ஆகிவிடுகிற மாதிரி. இப்படிச் சாய் என்று யாரும் சொல்வதில்லை, தானாகவே நடக்கிறது. யாரும் சொல்லாததால்தான் பாதி இடப்பக்கத் திட்டுகளும் பாதி வலப்பக்கத் திட்டுகளுமாகக் கலந்து கிடக்கும். நுண்ணோக்கியின் ஒளி வடிகட்டியைக் கொஞ்சம் திருப்பினால் பாதித் திட்டுகள் இருளும், மீதி பளிச்சென்று தெரியும். எதிர்த்திசையில் திருப்பினால் இருண்டது பளிச்சிடும், பளிச்சிட்டது இருளும். இதுதான் நியாயம், இதுதான் வழக்கம்.

அன்றைக்கு வடிகட்டியைத் திருப்பினாள். பரப்பு முழுக்க ஒரே அடியாக இருண்டது. எதிர்த்திசையில் திருப்பினாள். முழுக்கப் பளிச்சென்று ஆனது. சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு வலப்பக்கத் திட்டு கிடைக்கவில்லை. எல்லாமே இடப்பக்கம்.

மறுபடி புதுச் சில்லு, மறுபடி ஊற்றல். மறுபடியும் இடப்பக்கம்.

கூடத்தின் தலைவியான மேடம் வந்து பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். "யாரும் தூண்டாம ஒரே பக்கம் போகுதா! இது மட்டும் நிஜமா இருந்தா நம்ம கூடம் எங்கேயோ போயிடும். பொருளைத் தயார் பண்ணினது யாரு, உங்க நாத்தனாரா? இதை வச்சே அவங்க வேலையை நிரந்தரமாக்கிடலாம்."

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது. பொருளைத் தயாரித்தது சாட்சாத் அவள் நாத்தனாரேதான். கணவனின் தங்கை. கட்டிக்கொண்டவனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு வந்தவள், இவர்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறாள். இந்தக் கூடத்தில் வேதியியல் வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டதும் கண்ணாடிக்காரிதான். ஒப்பந்த வேலை. அது முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அது போனால் அவளுக்கு என்று சொல்லிக்கொள்ள ஒரு துரும்புகூடக் கிடையாது. அண்ணன் வீட்டு மாடி, அண்ணன் போடும் சோறு, அவ்வளவுதான்.

வேலை நிரந்தரமாக வேண்டிய நேரம் பார்த்து இயற்கை தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளுமாம்! கண்ணாடிக்காரிக்கு இது தொண்டையில் இறங்கவே இல்லை. இப்படி ஒரே பக்கமாகச் சாய வைக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பிறவியிலேயே ஒரு பக்கம் முறுக்கிய வேறொரு பொருளை ஒரு துளி, கண்ணுக்கே தெரியாத ஒரு துளி, கலந்தால் போதும். கூட்டம் முழுக்க அதன் பின்னால் போய்விடும். அப்படிப்பட்ட முறுக்குப் பொருள் நாத்தனாரின் அலமாரியில் இருந்தது. கொழுப்பிலிருந்து எடுத்த வெள்ளைத் தூள். போன வருடம் அவளே இன்னொரு வேலைக்காகத் தயாரித்தது.

அதற்கப்புறம் நாத்தனார் உட்கார்ந்தால் சந்தேகம், எழுந்தால் சந்தேகம். திறந்தே கிடக்கிற அலமாரியைத் திடீரென்று பூட்ட ஆரம்பித்தாள். அது ஏன்? பொருள் இருக்கும் புட்டியை வேறு யார் கேட்டாலும் "தீர்ந்துபோச்சு" என்றாள். பாதிப் புட்டி இருந்ததைக் கண்ணாடிக்காரி தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். வீட்டிலோ, சாப்பிடும்போது இவளையே பார்ப்பதும், இவள் நிமிர்ந்தால் தட்டைப் பார்ப்பதும்!

ஒரு நாள் மதியம் கையும் களவுமாகவே பிடித்தாள். கண்ணாடிக்காரியின் மேசைக்குக் கீழே உடைந்த சில்லுகளையும் துடைத்த துணிகளையும் போடுகிற கூடை இருந்தது. நாத்தனார் மண்டிபோட்டு உட்கார்ந்து அதைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தேடற?"

நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணும் இல்ல அண்ணி. கூடை நிரம்பிடுச்சேன்னு... கொட்டிடலாம்னு வந்தேன்."

"அதுக்குத்தான் ஆள் இருக்காங்களே."

"இருக்கட்டும் அண்ணி. நானே கொட்டிடறேன். யாராவது வந்து பாத்தா நல்லாவா இருக்கும்?"

யாராவது வந்து பார்த்தாலா? குப்பையில் பார்க்க என்ன இருக்கிறது? தடயத்தை அழிக்கிறாள் என்பது தவிர வேறு எதுவும் கண்ணாடிக்காரிக்குத் தோன்றவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போகிற முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதைப் பற்றி மேடம் எழுதப்போகிற ஆராய்ச்சிக் கட்டுரையில் தன் பெயரும் அல்லவா வரப்போகிறது! நாளைக்கு உலகம் சிரித்தால் இவளையும் சேர்த்துத்தானே சிரிக்கும்?

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவனைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நான் லிஃப்ட்காரன். மேல போகுதா கீழ போகுதான்னு கேளு, சொல்றேன். இடமா வலமான்னு என்னைக் கேட்டா நான் எங்க போவேன்?"

"விளையாடாதீங்க. உங்க தங்கச்சி கலந்திருக்காளா இல்லையா?"

"அவ கலக்கற ஆள் இல்ல. சின்ன வயசுல கேரம் போர்டுல நான் காயைத் திருடினா, அவ காயையும் எடுத்துக் குடுத்து 'இதையும் வச்சுக்கோ'ம்பா. அவளைக் கூப்பிட்டு நேரா கேட்டுடேன்."

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாளாக்கும்?"

"கேக்காமயே முடிவு பண்ணிட்டா எப்படி?" என்றான் அவன். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற மனுஷன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது. அவள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கச்சிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று அவன் மேலும் கொஞ்சம் சந்தேகம் வந்ததுதான் மிச்சம்.

மறுநாளே மேடம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அலமாரிப் பூட்டு, பாதிப் புட்டி, கூடை, வெள்ளைத் தூள், ஒன்று விடாமல் சொன்னாள். மேடத்தின் முகம் கறுத்தது.

"உங்க வீட்டுப் பொண்ணாச்சே, நீங்களே சொல்றீங்கன்னா..."

"அதனாலதான் மேடம் சொல்றேன். வெளியாள்னா இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டேன்."

"சரி. உங்க பேரு வெளியில வராது. நான் விசாரிக்கறேன்."

விசாரணையா? தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நாத்தனார் உள்ளே போனாள், ஒத்துக்கொண்டு வெளியே வந்தாள். மறுக்கவில்லை, ஒரு வார்த்தை வாதாடவில்லை. "நான்தான் மேடம். வேலை போயிடுமோன்னு பயத்துல பண்ணிட்டேன். அண்ணிக்கு இதுல சம்பந்தம் இல்ல, அவங்களுக்குத் தெரியவே தெரியாது." மேடம் அவள் நுழைவு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். ஒப்பந்தம் முடியும்வரைகூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பிடித்துவிட்டோம் என்று கண்ணாடிக்காரி நிமிர்ந்து நடக்க வேண்டியதுதானே? முடியவில்லை. வீட்டில் நாத்தனார் முகம் வாடித்தான் இருந்தது, ஆனால் குற்றம் செய்தவளின் முகமாக இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இவளுக்குத் தட்டு எடுத்து வைத்தாள். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க அண்ணி, எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று இவளுக்கே ஆறுதல் வேறு! இது என்ன நாடகம்?

"எதைம்மா கலந்த?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி.

நாத்தனார் கொஞ்சம் தடுமாறினாள். "அதான்... அந்த வெள்ளைத் தூள். என் அலமாரில இருக்கே, அது. துளியூண்டு."

கண்ணாடிக்காரியின் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. சந்தேக வேகத்தில் மறந்தே போயிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது: போன வருடம் அந்தத் தூளை இதே மாதிரி வளைந்த இன்னொரு பொருளோடு கலந்து பார்த்தவள் கண்ணாடிக்காரியேதான். தயாரித்தவளுக்குத் தெரியாது, பார்த்தவளுக்குத் தெரியும். அந்தத் தூள் கூட்டத்தை வலப்பக்கம் இழுக்கும். எத்தனை முறை போட்டாலும் வலப்பக்கம்தான். இங்கே வந்திருப்பதோ முழுக்க இடம்.

அப்படியென்றால் நாத்தனார் பொய் சொல்கிறாள். செய்யாததைச் செய்ததாகச் சொல்கிறாள். எவளாவது தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வாளா? இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறாள் என்றுதான் கண்ணாடிக்காரியின் புத்தி போயிற்று. புத்திக்கு அப்போது வேறு வழி தெரியவில்லை, பாவம்.

இனி நாத்தனார் கை பட்ட எதையும் நம்புவதில்லை என்று முடிவு செய்தாள். கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி வேறொரு கூடத்தில் இதே வாழைப்பழ மூலக்கூறைத் தயாரிக்கிறாள். அவளிடம் கேட்டுக் கூரியரில் ஒரு சின்னக் குழாய் வரவழைத்தாள். சீல் உடையாத குழாய். புதுக் கையுறை, புதுக் கரண்டி, புதுச் சில்லுகள். இதில் பாதிக்குப் பாதி வரட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டே ஊற்றினாள். சூடாக்கினாள், ஆறவிட்டாள், வடிகட்டியைத் திருப்பினாள்.

முழுப் பரப்பும் இருண்டது. எல்லாமே இடப்பக்கம்.

சிநேகிதியும் கலந்தாளா? இரண்டு பேரும் கூட்டா? ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்தேகத்துக்கு வெட்கம் ஏது? பிறகு மெதுவாக, வேண்டா வெறுப்பாக, இந்த எல்லாச் சில்லுகளிலும் பொதுவாக இருந்தது யார் என்று எண்ணிப் பார்த்தாள்.

இன்னொரு ஜோடிச் சில்லு எடுத்தாள். இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது தன் கையை. கீழ்ச் சில்லை வைத்தாள். மேல் சில்லை அதன்மேல் வைத்தாள். தேய்த்த கோடுகள் இரண்டிலும் நேருக்கு நேர் பொருந்தியிருந்தன. கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்துகிறபோதே மணிக்கட்டு, டப்பா மூடியை இறுக்குகிற மாதிரி, தானாக ஒரு மயிரிழை திரும்பியது. காற்றுக் குமிழி தங்காமல் இருக்க எந்தக் காலத்திலோ வந்த பழக்கம், அவளுக்கே தெரியாது. மேல் சில்லின் கோடுகள் கீழ்க் கோடுகளோடு சேராமல் துளி விலகி நின்றன. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக. கண்ணாடியைத் தொட்டு நிற்கிற முதல் வரிசை திரும்பி நின்றால் அடுத்த வரிசையும் திரும்பும், அதற்கடுத்ததும். இந்தப் பக்கம் சாய் என்று கூட்டத்துக்குச் சொன்னது எந்தத் தூளும் இல்லை. அவள் கட்டைவிரல்தான். இதற்கு முன் வந்த பொருள்களெல்லாம் இந்தத் துளித் திருப்பத்தைச் சட்டை செய்யவில்லை, இந்த வாழைப்பழம் செய்துவிட்டது.

மணிக்கட்டை வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் திருப்பி ஒன்று செய்து பார்த்தாள். முழுக்க வலப்பக்கம் வந்தது.

மேடத்திடம் ஓடினாள். இரண்டு சில்லுகளையும் காட்டினாள், தன் கையையும் காட்டினாள். மேடம் நெடுநேரம் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "இதை முதல்லயே செஞ்சிருக்க வேண்டாமா நீங்க? ஒரு பொண்ணோட பிழைப்பு!" என்று கடிந்துகொண்டார். அதே மூச்சில், "ஆனா கண்ணாடியை இவ்வளவு திருப்பினாலே போதும்னா இதுவும் சின்ன விஷயம் இல்ல" என்றார். நாத்தனாருக்குத் தானே போன் போட்டு, ஒப்பந்தம் தொடரும், உடனே வா என்று சொன்னார். போனை வைத்துவிட்டுக் கண்ணாடிக்காரியைப் பார்த்தார். "சொன்னது யாருன்னு நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

நாத்தனார் வந்தாள். மூச்சு வாங்க, தலைகூடச் சரியாக வாராமல் ஓடி வந்திருந்தாள். கண்ணாடிக்காரி அவளை உட்கார வைத்து, அவள் கண் முன்னாலேயே ஒரு ஜோடிச் சில்லை இந்தப் பக்கமும் இன்னொரு ஜோடியை அந்தப் பக்கமும் திருப்பி வைத்துக் காட்டினாள். நாத்தனார் நுண்ணோக்கியில் பார்த்தாள். வடிகட்டியைத் திருப்பினாள், திரும்பத் திரும்பத் திருப்பினாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

"அப்ப நீங்க கலக்கல!"

"நானா?"

"நீங்கதான்னு நினைச்சேன் அண்ணி. நானே ஒரு நாள் ஒரு துளி எடுத்துச் சாதாக் கண்ணாடியில விட்டுப் பாத்தேன். பாதிக்குப் பாதி வந்துச்சு. அதே புட்டி, உங்க கைக்குப் போனா மட்டும் முழுக்க இடம். அப்ப வேற என்னன்னு நினைக்கறது? எனக்கு வேலை நிலைக்கணும்னு நீங்கதான் எதையோ சேக்கறீங்கன்னு நினைச்சேன்."

கண்ணாடிக்காரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பயந்து செத்தேன் தெரியுமா? புட்டியை வேற யாராவது வாங்கிப் பாத்துட்டா நீங்க மாட்டிக்குவீங்களேன்னு அலமாரியைப் பூட்டினேன். உங்க கூடையில ஏதாவது கிடந்து யாரு கண்ணுலயாவது பட்டுடுமோன்னு அதையும் கொட்டினேன். தப்புதான், ஆனா எனக்காக யாரும் அவ்வளவு தூரம் பண்ணதில்ல அண்ணி. கட்டினவன் பண்ணல, எங்கம்மாகூடப் பண்ணல. அதான் மேடம் கூப்பிட்டுக் கேட்டதும் என் தலையில போட்டுக்கிட்டேன். நீங்க எனக்காகப் பண்ணினதுக்கு நீங்க ஏன் மாட்டணும்?"

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாளில் பார்க்காத தெளிவு அந்த முகத்தில் இருந்தது. நுண்ணோக்கியின் விளக்கை அணைக்கப் போனவள், கையை அங்கேயே வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நீங்களும் கலக்கல, நானும் கலக்கல. அப்ப மேடம்கிட்ட போய்ச் சொன்னது யாரு? எவ்வளவு கெட்ட மனசு இருந்தா ஒரு வார்த்தை கேக்காமப் போய்ச் சொல்லுவாங்க?"

சொல்லாமல் இருந்துவிடலாம். மேடம் வாயைத் திறக்க மாட்டார். கூடத்தில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், யாரோ என்று விட்டுவிட்டால் நாத்தனாரும் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்துபோவாள். இவளுக்காகப் பிழைப்பையே விட்டுக்கொடுத்த பெண் சிரித்த முகத்தோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு கண்ணாடிக்காரிக்கு வேண்டும் போலிருந்தது, அழுகை வருகிற அளவுக்கு வேண்டும் போலிருந்தது. ஆனால் பேசாமல் இருந்தால் அந்தப் பெண் நாளையிலிருந்து கூடத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து இவனா, இவளா என்று தேடிக்கொண்டே இருப்பாள். அது எப்படி இருக்கும் என்று கண்ணாடிக்காரிக்கு நன்றாகவே தெரியும்.

"நான்தான்" என்றாள்.

நாத்தனாருக்கு முதலில் புரியவில்லை. அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "என்ன நீங்க?"

"மேடம்கிட்ட சொன்னது நான்தான். நீ கலந்துட்டன்னு."

நாத்தனார் அழவில்லை, கத்தவும் இல்லை. விளக்கை அணைத்தாள். இரண்டு சில்லுகளையும் எடுத்து அதனதன் உறையில் போட்டாள். இவள் மன்னிப்பு என்று வாயெடுத்தபோது, வேண்டாம் என்பது போலக் கையை லேசாக உயர்த்தினாள்.

"நீங்க எனக்காகக் கலந்திருந்தாலே தேவலை அண்ணி" என்றாள். "நிஜமாவே கலந்திருக்கலாம்."

பிறகு தன் நுழைவு அட்டையை வாங்கிக்கொள்ள மேடம் அறைக்குப் போனாள்.